பிலிங்காய்ச் சாறும் என் இரண்டு சிறுநீரகங்களும்

எனக்கு நோய் வந்ததை முதலில் அறிவித்தது விக்கல்தான். என் சமையல் புத்தகத்தின் கடைசி மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது நம்மவர் நம்பிக்கை. புத்தகம் வெளிவரும் முன்பே வாசகர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் தொடங்கிய விக்கல் மறுநாளும் நிற்கவில்லை. அவ்வளவு வாசகர்கள் தமிழில் இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் உத்தியோகம். இத்தனை வருடங்களில் அவற்றை வாசித்ததாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஐம்பது வயதைத் தாண்டியபோது கொழுப்பு கூடிவிட்டது என்றார்கள். மீன், முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். வீகன் என்கிறார்களே, அந்தச் சாதியில் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச நாளில் தீட்டிய அரிசியையும் வெள்ளை மாவையும் விட்டேன்.

என் மனைவி பவானி யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். கண்டியில் கணிதம் படிப்பிக்கிறாள். அவள் எதையும் விடவில்லை. "மீன் பாவம் எண்டு நீங்கள் விடுங்கோ. நானும் விட்டால் மீன்காரன் பாவம்" என்றாள்.

எதையாவது விட்டவன் அதைப் பற்றிப் புத்தகம் எழுதாமல் இருக்கமாட்டான். நானும் எழுதினேன். விலங்கிடமிருந்து ஒன்றும் வாங்காத, தோல் சீவாத, ஆலைக்குப் போகாத சமையல். குரக்கன் என்ற கேழ்வரகு, சிவப்பரிசி, பலாக்கொட்டை, வல்லாரை, முருங்கையிலை. நம் நாட்டில் அது கஷ்டமான காரியம் இல்லை. தேங்காய்ப்பால் இருக்கும்வரை மாட்டுக்கு வேலையே இல்லை. ஒரே எதிரி மாசிக் கருவாடு. மரக்கறி என்று சொல்லிப் பரிமாறும் பாதிக் கறிகளுக்குள் அது தூளாக ஒளிந்துகொண்டிருக்கும்.

நான் எழுதினேன், பவானி சமைத்தாள். நான் "உப்பு தேவையான அளவு" என்று எழுதினால் விடமாட்டாள். "ஆருக்குத் தேவையான அளவு? கரண்டிக் கணக்கில எழுதுங்கோ." இந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சமைத்து யாருக்காவது கறி சரியாக வந்தால், அது அவளுக்குச் சேர வேண்டியது.

'தோலோடு உண்போம்' என்று பெயர் வைத்தேன். பதிப்பாளர் யாரும் தொடவில்லை. ஒருவர் மட்டும் அன்பாகப் பதில் சொன்னார்: கோழி பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தால் யோசிக்கலாமாம். அதனால் என் சொந்தச் செலவில், திகனயில் ஜவ்பர் ஹாஜியாரின் அச்சகத்தில் கொடுத்தேன். அவர் கல்யாண அழைப்பிதழும் பில் புத்தகமும் அடிப்பவர். அச்சுக்கு வரும் எதையும் முழுதாக வாசித்துவிட்டுத்தான் இயந்திரத்தில் ஏற்றுவார். ஆகவே அவரே என் முதல் வாசகர். நெடுநாள் நீரிழிவுக்காரர். "சேர், எனக்காகவே எழுதினாப்போல ஈக்குது" என்று அவர் சொன்ன நாளன்று நான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே கண்டிக்கு வந்தேன்.

புத்தகத்துக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன்: என் வயிற்றுக்குள் போகாத எதுவும் அச்சுக்குப் போகாது. நல்ல விதி. அதுதான் என்னைப் படுக்கவைத்தது.

எங்கள் வீட்டின் பின்னால் ஒரு பிலிங் மரம் நிற்கிறது. குட்டி வெள்ளரிக்காய்போல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். ஒரு காயைக் கடித்தால் முகம் முழுக்கச் சுருங்கும். மீன் குழம்புக்குப் போடுவார்கள், அச்சாறு போடுவார்கள். புசல்லாவையிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவர், அதன் சாறு கொழுப்பையும் சீனியையும் அடியோடு அறுத்துவிடும் என்றார். அவர் யார், என்ன படித்தவர் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. குரல் நம்பிக்கையாக இருந்தது. அன்றே 'விடியல் பானங்கள்' அத்தியாயத்தில் அதைச் சேர்த்தேன்: ஒரு பெரிய கோப்பைச் சாறு, வடிகட்டாமல், தோலோடு, உப்போ சீனியோ இல்லாமல், வெறும் வயிற்றில். விதிப்படி நானே தினமும் குடித்தேன்.

விக்கலுக்குப் பிறகு குமட்டல் வந்தது. சிறுநீர் குறைந்தது. நச்சு வெளியேறுகிறது என்று பவானிக்கு விளக்கினேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"செருப்பு சின்னதாப் போச்சோ, கால் பெருத்துப் போச்சோ?"

"ரெண்டும் இல்ல. நேத்து கொஞ்சம் நடந்தேன்."

"நடந்தால் கால் தேயும். வீங்காது. வெளிக்கிடுங்கோ."

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் வரிசையாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து உள்ளே போக, நாங்கள் எல்லோரும் ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தோம். உட்கார்ந்தபடியே ஊர்வலம் போவது அங்கேதான் சாத்தியம். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் என்னை நடக்கவிடாமல் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். அதுவரை நடந்துதானே வந்தேன் என்றேன். ஒருவர் குனிந்து என் கால்களைத் தூக்கி மிதிப்பலகையில் வைத்தார். எனக்குப் பயம் வந்தது அந்த இடத்தில்தான்.

கிரியாட்டினின் என்று ஒன்று இருக்கிறது. தசைகள் உழைத்து வெளியேற்றும் குப்பை அது. நல்ல சிறுநீரகம் அதை அன்றாடம் கூட்டி வெளியே தள்ளிவிடும். என் இரத்தத்தில் குப்பை மலையாகக் குவிந்திருந்தது. கூட்டுகிறவர்கள் இருவரும் வேலைநிறுத்தம்.

வார்டுக்குப் பொறுப்பான மருத்துவர் ஓர் இளம் சிங்களப் பெண். நிதானமானவர். அவர் சிங்களத்தில் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன். அரசாங்கத்துக்குச் செய்வதைவிடக் கவனமாகவே செய்திருக்கிறேன்.

"ஏதாவது மருந்து எடுத்தீர்களா? வலிக்கு, தலையிடிக்கு?"

"இல்லை, டொக்டர்."

"நாட்டு மருந்து? கஷாயம்? லேகியம்?"

"ஒன்றும் இல்லை. சமையலறைக்கு வெளியே மனிதனுக்கு மருந்து தேவையில்லை என்று முன்னுரையே எழுதியிருக்கிறேன்."

அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. மருந்து கேட்டார், மருந்து இல்லை என்றேன். காலை தோறும் நான் குடித்தது, என் கணக்கில், சாப்பாடு.

அதன்பின் பரிசோதனைகள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள்: கல் இல்லை, அடைப்பு இல்லை. முதுகுப்பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் ஒரு குழாய் வைத்து என் இரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, கழுவித் திருப்பி அனுப்பினார்கள். இதுதான் டயலிசிஸ். வலி அதிகம் இல்லை. ஆனால் நம் இரத்தம் வெளியே ஒரு வளைவு சுற்றிவிட்டு வருவதைக் கடுகண்ணாவை மலை வளைவில் ரயிலைப் பார்ப்பதுபோல் படுத்துக்கொண்டு பார்ப்பதற்கு மனத்திடம் வேண்டும்.

அதற்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். படிவத்தின் தமிழ் பரிதாபமாக இருந்தது. பென்சில் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள் பவானி.

"இந்த வசனத்துக்கு எழுவாயே இல்ல."

"முதல்ல கையெழுத்தை வையுங்கோ. திருத்தமெல்லாம் உயிரோட எழும்பி வந்தாப் பிறகு."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேனாவை மட்டும் மூடியைக் கழற்றாமலே நீட்டினாள். நான் கையெழுத்தை வைத்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டிலுக்கும் இயந்திரத்துக்கும் காசு இல்லை. வெளியே செய்யச் சொன்ன பரிசோதனைகளுக்குப் பவானி அச்சுக் காசிலிருந்து எடுத்தாள். "கனவு கண்டு சேர்த்த காசு" என்று முனகினேன். "முழிச்சிருந்தால் போதும்" என்றாள்.

சாப்பாடுதான் பெரிய தண்டனை. சிறுநீரகம் படுத்துவிட்டால் உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு தேங்கும், அது இதயத்தை நிறுத்திவிடக்கூடும். கீரை, பலாக்கொட்டை, தேங்காய், தவிட்டரிசி எல்லாவற்றிலும் அது தாராளமாக இருக்கிறது. என் புத்தகத்தின் பொருளடக்கத்தை அப்படியே பார்த்து எழுதியதுபோல் எனக்கு ஒரு தடைப்பட்டியல் கொடுத்தார்கள். அனுமதித்தது தீட்டிய வெள்ளைச் சோறு. மரக்கறியென்றால் தோல் சீவி, நறுக்கி, ஊறவைத்து, அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டோடு வந்த பவானி மூடியைத் திறந்தாள். நிறமே இல்லாத போஞ்சிக்காய் கிடந்தது.

"சத்தெல்லாம் எங்க?"

"சிங்கில ஊத்தினன்."

"மனசு வந்துச்சா?"

"ரெண்டு தரம் ஊத்தினன். வாயைத் திறவுங்கோ."

எந்த மரக்கறியின் தோலையும் சீவவிடாமல் இவ்வளவு காலம் அவளை வதைத்தவன் நான். அந்தப் போஞ்சியை அவள் மெல்லிசாக, ஒரே அளவாக நறுக்கியிருந்தாள். கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடலாமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தாள். ருசியாகத்தான் இருந்தது. அன்று அதைச் சொல்லவில்லை. இப்போது அச்சில் சொல்கிறேன்.

சதை ஆய்வின் முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இந்த ஆஸ்பத்திரி வெள்ளைச் சோற்றால் நான் மெலிந்துபோகிறேன். என் காலைச் சாறு இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து நடமாடியிருப்பேன். ரகசியமாகக் கொண்டுவரும்படி பவானியை நச்சரித்தேன். அவள் கொண்டுவந்தாள், ஆனால் ரகசியமாக அல்ல. அந்த வெள்ளிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன், டொக்டர் என் கட்டிலருகே நிற்கும்போதே போத்தலைப் பையிலிருந்து எடுத்தாள்.

"டொக்டர், இவருக்கு இது குடிக்காட்டி விடியாது. குடுக்கலாமோ?"

டொக்டருக்குத் தமிழ் அவ்வளவு வராது. போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து மணந்தார். அவர் முகம் சுருங்கியது, காயைக் கடித்தவர்போல.

"பிலிங்?"

"ஓம், பிலிங்காய்" என்றாள் பவானி.

"எவ்வளவு குடிப்பார்?"

பவானி கையால் கோப்பையின் உயரத்தைக் காட்டினாள். கணித ஆசிரியையின் கை; மில்லிமீற்றர் பிசகாது.

டொக்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் சதைக்குள் கண்ணாடித் துண்டுகள்போல் படிகங்கள் கிடக்கின்றன என்று ஆய்வுகூடம் சொல்லியிருந்ததாம்; அவை எங்கிருந்து வந்தன என்றுதான் புரியாமல் இருந்தாராம்.

"எத்தனை தரம் கேட்டேன். ஒன்றும் எடுக்கவில்லை என்றீர்களே."

"மருந்து எடுக்கவில்லை, டொக்டர். இது காய்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். பிலிங்காயில் ஒக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். குழம்பில் இரண்டு காய் போடுவதால் ஒன்றும் ஆகாது. கோப்பை கோப்பையாக, அதுவும் வெறும் வயிற்றில் இறக்கினால், அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். மரக்கறிச் சாப்பாட்டில் பிழை இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். பிழை அளவில் என்றார். உப்புக்குக் கரண்டிக் கணக்குக் கேட்டவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு நான் நன்றியுள்ளவன்.

போகும்போது டொக்டர் கேட்டார்: "வேறு யாராவது இதைக் குடிக்கிறார்களா?"

"நான் வாயிலயும் வைக்கேல்லை" என்றாள் பவானி.

நான் என் தொலைபேசியைத் தேடினேன். மெய்ப்பு கொடுக்க வந்திருந்த ஜவ்பர் ஹாஜியாருக்கு நான் பெரிய போத்தல் நிறையச் சாறு கொடுத்து அனுப்பியிருந்தேன். அடுத்த முறை தொலைபேசியில், "தெனமும் குடிச்சிட்டு வாறேன் சேர், ஒடம்புக்கு லேசா ஈக்குது" என்றார். நான் அவருடைய வீட்டுப் பக்கத்துப் பிலிங் மரத்தையும் விசாரித்து, அது வற்றாமல் காய்க்கிறது என்று தெரிந்து மகிழ்ந்திருந்தேன்.

"அவருக்குச் சீனி வருத்தம்" என்றேன்.

டொக்டரின் முகம் மாறியது. நீரிழிவுக்காரரின் சிறுநீரகம் ஏற்கனவே களைத்திருக்கும் என்றார். "உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்."

அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல், ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார். மறுபடி அழைத்தேன். அச்சகத்தின் எண்ணும் எடுபடவில்லை. பவானி பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் போய்ட்டு வாறன்."

"பஸ்ஸுல நேரமாகும்."

"அதுதான் இப்பவே போறன்."

அந்த மத்தியானம் என் நோய் எனக்கு மறந்துபோயிற்று. எழுதுகிற எவனுக்கும் தன் சொல்லை ஒருவராவது அப்படியே கடைப்பிடிக்க மாட்டாரா என்ற ஆசை உண்டு. எனக்கு ஒரே ஒரு வாசகர் இருந்தார்; அவர் கடைப்பிடித்துவிட்டார். அவருடைய ஊதா நிற மை படிந்த விரல்கள் ஞாபகம் வந்தன. கட்டிலில் புரண்டேன். கழுத்துக் குழாய் இழுத்தது. தாதி வந்து, அசையாமல் இருக்கச் சொன்னாள்.

மாலை பார்வையாளர் நேரத்தில் பவானி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாஜியார், வெள்ளைத் தொப்பியோடு, கையில் எனக்குத் தடைசெய்யப்பட்ட வாழைப்பழப் பை.

"ஹாஜியார், ரத்தம் சோதிச்சீங்களா?"

"டீச்சர் விட்டாங்களா? பள்ளிவாசல் வாசல்ல நிண்டு புடிச்சுக்கொண்டு போனாங்க. எல்லாம் பழைய மாதிரியே ஈக்குது ண்டு சொல்லிட்டாங்க."

"அவ்வளவு குடிச்சும் ஒண்ணும் ஆகலியா?"

ஹாஜியார் வாழைப்பழத்தைப் பார்த்தார். பவானி ஜன்னலைப் பார்த்தாள். அவளுடைய உதடு துடிப்பதைக் கண்டேன்.

"சேர் கோவிக்கப்படாது."

"சொல்லுங்க."

"நான் குடிக்கல்ல."

"குடிச்சிட்டு வாறேன்னீங்களே?"

"ஒரு வாய் வெச்சேன். பல்லெல்லாம் கூசிப் போச்சு, ரெண்டு நாள் சோறு மெல்ல ஏலாமப் போச்சு. பொறகு எங்கட வீட்டுல அத மீன் ஆணத்துக்கு ஊத்திட்டா. ஆணம் நல்லா ஈந்திச்சு சேர். ஒங்கட மனசு நோகும் ண்டுதான் சொல்லல்ல."

என் வீகன் புத்தகத்தின் முதல் பானம் திகனயில் மீன் குழம்பில் முடிந்திருந்தது. வாசகர் தன் சொல்லைக் கேட்கவில்லை என்று அறிந்து கண் கலங்கிய எழுத்தாளன் நானாகத்தான் இருப்பேன். பவானி சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே தலைப்பால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வெசயம்" என்றார் ஹாஜியார். "அந்தச் சாறு ஈக்கிற பக்கத்துத் தாள் அடிச்சு முடிஞ்சு."

ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் சேர்ந்து அச்சாகும். ஒன்றை மட்டும் உருவ முடியாது. என் மூளை அந்த நிலையிலும் கௌரவத்துக்காகவே வேலை செய்தது. அந்தப் பக்கத்தின்மேல் பீற்றூட் சாறு என்று ஒரு தாளை ஒட்டிவிடலாம் என்றேன். யாருக்கும் தெரிய வராது. சொந்தச் சாற்றால் டயலிசிஸுக்குப் போனவனின் ஆரோக்கியப் புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

"ஒட்டினா நகத்தால கெளப்பிப் பாப்பாங்க சேர். ஒட்டாத பக்கத்த ஒருத்தரும் வாசிக்கமாட்டாங்க."

"அப்ப திரும்ப அடிங்க. பீற்றூட்டோட."

பவானி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு இதைச் சொன்ன மனுசன் இன்னும் பஸ்ஸிலதான் போய்க்கொண்டிருக்கிறார்."

"அதுக்கு?"

"நீங்கள் ஒளிச்சால் அவர் சொல்லுறது மட்டும்தான் சனத்துக்குக் கேக்கும்."

நான் கழுத்துக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, திருப்பி அடிக்கும்படி ஹாஜியாரிடம் சொன்னேன், பீற்றூட் இல்லாமல். வீணான தாள்களை வடைக்கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் கெஞ்சினேன். வடை சுற்றிய தாளை வாசிக்காமல் எறிகிறவர் நம் ஊரில் இல்லை.

"கடைக்குப் போகாது. எரிச்சிட்டுத்தான் மறுவேல" என்றார்.

புதிய பக்கத்தைக் கட்டிலில் இருந்தே எழுதினேன். முதலில் நான்கு பக்கம் வந்தது, விதி, மானுட அகந்தை என்றெல்லாம். பவானி சிவப்புப் பேனாவோடு வந்து, "ஒரு பக்கம்தான் இடம்" என்று வெட்டினாள். கடைசியில் தலைப்பு இப்படி நின்றது: 'பிலிங்காய்ச் சாறு: குடிக்க வேண்டாம். நான் குடித்தேன்.' கீழே நடந்தது, எவ்வளவு, எப்படி என்று கரண்டிக் கணக்கில். டொக்டர் அதைச் சிங்களத்தில் சொல்லக் கேட்டு, ஓர் இடத்தைத் திருத்தினார்.

மெல்ல மெல்லச் சிறுநீர் வந்தது. அளவுப் போத்தல் நிறைந்த காலையில் பவானி யாழ்ப்பாணத்திலிருக்கும் தன் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்ன குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்; நான் பட்டம் வாங்கியதைக்கூட அவள் அப்படி அறிவித்ததில்லை. இயந்திரத்தை நிறுத்தினார்கள், குழாயைக் கழற்றினார்கள். என் சிறுநீரகங்கள் முழுதாகத் தேறவில்லை. அரசாங்க ஊழியர்கள்போல, வேலைக்கு வருகின்றன, அவசரப்படுவதில்லை. கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது தோல் சீவிய உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறேன், புத்தகத்தின் பெயரைப் பார்க்காமல்.

நூலக மண்டபத்தில் சிறிய வெளியீடு வைத்தோம். நல்ல மழை. வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்களில் ஓர் அம்மா, நனைந்த குடையோடு, மேசையருகே நின்று புத்தகத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தினார். நின்றபடியே முழுவதையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானுங்களா சேர்?"

"நான்தாம்மா."

"நெசமாவே நடந்ததா?"

கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டினேன். அவர் தன் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வெளிறிய பச்சை.

"சீனிக்கு நல்லதுன்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. போன கெழமதான் தொடங்கினேன்."

"நிப்பாட்டிடுங்கம்மா. நாளைக்கே கிளினிக்குப் போய் ரத்தம் சோதிங்க. என்ன குடிச்சீங்கன்னு கட்டாயம் சொல்லுங்க. அவங்க மருந்துன்னு கேட்டாலும் இதச் சொல்லுங்க."

"சரிங்க சேர்." புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, மூலை மடங்காமல் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

"வாங்கேல்லை" என்றாள் பவானி.

"வாசிச்சாங்களே" என்றேன்.

அவள் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். "நல்ல காய். வழியில ஒரு மீன் வாங்குவமே?"